பதிவேட்டில் ஒரு திருத்தம்

மனாமாவில், சிறார் நீதிமன்றத்தில்,
தமிழ் வரும் நாளில் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.
அமர்வுக்குப் பன்னிரண்டு தினார்.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும்.
சொல்லிச் சொல்லி
தோள்பட்டைக்கே அது மனப்பாடம்.

பையன் பெயர் தமிழ்க்கோ. பதினைந்து நடக்கிறது.
அப்பா ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை
ராத்திரி இரண்டரைக்குக் கிளப்பி
புசைத்தீன் கடற்கரை வரை போயிருக்கிறான்.
ஒரு கீறல் இல்லை.
ஆளில்லாத சிக்னலில்கூட நின்றிருக்கிறான்.
முன்சக்கரம் மணலில் புதைந்ததுதான் வம்பாயிற்று.

நீதிபதி முனீரா கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
ஏன் எடுத்தாய்?
'சும்மா' என்றான்.

அவர் தலையசைத்துக் காத்திருந்தார்.
எனக்கு உறைக்க ஒரு நொடி ஆனது.
அரபிக் காதுக்கு அது ஸும்ம.
ஸும்ம என்றால் 'பிறகு'.
பிறகு? என்று அவர் பேனா நிற்கிறது,
பிறகு ஒன்றுமில்லை என்று இவன் நிற்கிறான்,
நடுவில் நான், கூலி வாங்குகிறவன்.
'காரணம் எதுவும் இல்லாமல்' என்று மாற்றிக் கொடுத்தேன்.
எழுத்தர் தட்டிக்கொண்டார்.
காரணமில்லாமல் செய்கிறவன் மறுபடி செய்வான்
என்றார் அரசு வழக்கறிஞர்.

மேசையில் அவர் ஃபோன் அதிர்ந்தது.
தலைகீழாக இருந்தாலும் அரபி எனக்குப் படிக்க வரும்.
'இன்றைக்கும் வாப்பா வீட்டில்தான் இருப்பேன். அழைக்க வராதீர்கள்.'
அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.
போன மாதமும் கவிழ்த்து வைத்தார்.

பஸ் நின்ற பிறகு என்ன செய்தாய்?
'ஏசி போட்டுக் கடைசி சீட்டில் படுத்தேன்.'
எவ்வளவு நேரம்?
'போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டும் வரை.'
வீட்டில் படுக்க இடமில்லையா?

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னிடம், மெல்ல:
'அங்கிள், இதைச் சொல்லாதீங்க.
அம்மாவை ஊருக்கு அனுப்பினதிலிருந்து
குதைபிய்யாவுல ஒரே ரூம்ல ஆறு பேர்.
ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் லைட் போடுவாங்க.
பத்தாவது பரீட்சை வரைக்கும் பொறுத்துக்கோன்னாரு அப்பா.'

சொன்னேன்.
சொல்லாதீங்க என்றதையும் சேர்த்தே சொன்னேன்.
அப்பா, சாவி இல்லாத சாவி வளையத்தை
விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு நானாகக் கையைத் தூக்கினேன்.
பதினேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை.
'முன்பு நான் சொன்னது பிழை, கனம் நீதிபதி அவர்களே.
அந்தச் சொல்லுக்குக் காரணமில்லாமல் என்று மட்டும் பொருளில்லை.
யாரும் எழுப்பாமல்,
யாருக்கும் கால் மடக்கி வழி விடாமல்
கிடந்தது கிடந்தபடி இருப்பதற்கும்
எங்களிடம் அதே சொல்தான்.
அதற்குத்தான் எடுத்திருக்கிறான்.'

ஒரு சொல்லுக்குள் இவ்வளவா என்று சிரித்தார் வழக்கறிஞர்.
முனீரா சிரிக்கவில்லை.
திருத்திக்கொள்ளுங்கள் என்றார் எழுத்தரிடம்.
ஸும்மா, என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்,
கடைசியில் சரியாக நீட்டி.

மூன்று வாரம் தள்ளிவைப்பு.
அதற்குள் பையனுக்குக் கதவுள்ள ஓர் இடம்;
சமூகநல அதிகாரி போய்ப் பார்த்து எழுத வேண்டும்.
கம்பெனி விசாவை ரத்து பண்ணிவிட்டால்?
அப்பா கேட்டதை மாற்றிக் கொடுத்தேன்.
அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.
அடுத்த கோப்பைப் பிரித்தார்.
பதின்மூன்று வயதுப் பெண். என் மொழி இல்லை.

நாலரைக்கு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
கீழ்த்தள கார் நிறுத்தம் வழியாக வந்தேன்.
தூணோரம் ஒரு வெள்ளை வண்டி,
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
சீட்டை முழுக்கச் சாய்த்து, கண்ணை மூடி, முனீரா.
டாஷ்போர்டில் ஃபோன் ஒளிர்ந்தது,
அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனேன்.
தரை நல்ல சூடு.